பொன்னுக்கு ஈடான காகிதம்



நம் வீடுகளில் நகையைப் பற்றிப் பேச்சு வந்தால் "எத்தனை பவுன்?" என்று கேட்கிறோம். நகைக்கடைக்காரர் "எத்தனை சவரன்?" என்கிறார். இவ்விரண்டையும் பழந்தமிழ்ச் சொற்கள் என்றே எண்ணியிருந்த மாணவர் பலரை நான் அறிவேன். பவுன் என்பது ஆங்கிலேயரின் பவுண்டு. சவரன் என்பது அந்தப் பவுண்டுக்கு உரிய 'ஸாவரின்' என்னும் பொற்காசு. அதன் எடை ஏறத்தாழ 8 கிராம். அந்தக் காசு நம் சந்தைகளை விட்டு மறைந்து ஒரு நூற்றாண்டு ஆகப்போகிறது. அதன் எடை மட்டும் நம் பெண்களின் கழுத்திலும் பெற்றோர்களின் கவலையிலும் இன்றுவரை நிலைத்திருக்கிறது.

இந்தப் பொற்காசுக்கும் நம் சட்டைப் பையிலுள்ள காகித நோட்டுக்கும் ஒரு காலத்தில் நெருங்கிய உறவு இருந்தது. அந்த உறவு எப்படித் தொடங்கியது, எப்படி அறுந்தது, அதன் எச்சங்களாகிய பழைய நோட்டுகளைச் சேகரிப்போர் எவற்றையெல்லாம் அறிந்திருக்க வேண்டும் என்பனவே இன்றைய பேச்சின் பொருள்.

நான் ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் பணியாற்றியது திருவள்ளூர் மாவட்டத்தின் வடபகுதியில். பொன்னேரியும் கும்மிடிப்பூண்டியும் பழவேற்காடும் என் மாணவர்களின் ஊர்கள். பொன்னேரி என்னும் பெயரிலேயே பொன் இருக்கிறது. அதைக் கொண்டு அங்கே பொன் விளைந்தது என்று நான் வாதிக்கப் போவதில்லை. ஆனால் அங்கிருந்து கூப்பிடு தூரமில்லாவிட்டாலும் ஒரு மாட்டுவண்டிப் பயணத் தூரத்தில் உள்ள பழவேற்காட்டில் பொற்காசு அடிக்கப்பட்டது என்பது வரலாறு. டச்சுக்காரர்கள் 1613ஆம் ஆண்டில் அங்கே கெல்டிரியா என்னும் கோட்டையைக் கட்டினார்கள். துணி வாங்குவதற்குப் பொன் வேண்டியிருந்தது; வெளிநாட்டுக் காசை இந்நாட்டு நெசவாளர் ஏற்கவில்லை. ஆகவே இந்நாட்டு முறையிலேயே வராகன் அடிக்க அங்கே ஒரு தங்கசாலை வைத்தார்கள். இன்று அவ்வூரில் டச்சுக் கல்லறைகள்தாம் எஞ்சியுள்ளன.

சென்னையில் ஆங்கிலக் கும்பினியாரும் அவ்வாறே செய்தனர். அவர்களுடைய நட்சத்திர வராகன் ஒன்றுக்கு 42 பணம். பணம் ஒன்றுக்கு 80 காசு. இந்தக் கணக்கைச் சிறுவர்களுக்குக் கற்பித்த அக்காலத் திண்ணைப் பள்ளி ஆசிரியர்களுக்காக நான் பலமுறை இரங்கியதுண்டு. 1818இல் சென்னை மாகாணத்தில் வராகன் நீங்கி வெள்ளி ரூபாய் அடிப்படை நாணயமாயிற்று. 100 வராகனுக்கு 350 ரூபாய் என்று விகிதம் வகுத்தார்கள். அன்று முதல் பொன் பெட்டிக்குள் சென்றது. வெள்ளி சந்தைக்கு வந்தது.

காகிதம் வந்த கதையைப் பார்ப்போம். சென்னையில் 1806இல் அரசாங்க பாங்கு ஒன்று ஏற்பட்டது. 1843இல் சென்னை பாங்கு தோன்றியது. இவை வெளியிட்ட நோட்டுகள் நகரத்து வியாபாரிகளிடையே மட்டும் உலவின. கிராமத்தான் அவற்றைக் கண்டதில்லை. கண்டிருந்தாலும் நம்பியிருக்க மாட்டான். அரசாங்கமே நோட்டு வெளியிட வேண்டும் என்ற திட்டத்தைக் கொணர்ந்தவர் ஜேம்ஸ் வில்ஸன் என்ற நிதி உறுப்பினர். அவர் 1860இல் கல்கத்தாவில் இறந்துபோனார். மறு ஆண்டில், அதாவது 1861இல், காகித நாணயச் சட்டம் நிறைவேறியது. பாங்குகள் நோட்டு வெளியிடும் உரிமை அதனோடு முடிந்தது.

அச்சட்டத்தின் உயிர்நாடி ஒரு சிறு விதி. நான்கு கோடி ரூபாய் வரை அரசாங்கக் கடன் பத்திரங்களை ஈடாக வைத்து நோட்டு வெளியிடலாம். அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு நோட்டுக்கும் நாணயமோ உலோகமோ கஜானாவில் இருந்தாக வேண்டும். நோட்டைக் கொண்டுவருபவருக்குக் கேட்டவுடன் கொடுப்பதாக அதில் ஒரு வாக்குறுதி அச்சிடப்பட்டது. அந்த வாக்குறுதி வெறும் அலங்காரமன்று. நோட்டை நீட்டினால் வெள்ளி ரூபாயை எண்ணிக் கொடுத்தார்கள்.

ஆனால் எங்கே நீட்டுவது? இங்கேதான் சேகரிப்பவர்களுக்குச் சுவையான செய்தி இருக்கிறது. நாடு பல நோட்டு வட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. சென்னை வட்டத்து நோட்டு சென்னை வட்டத்தில்தான் செல்லும். கல்கத்தா நோட்டை வைத்துக்கொண்டு ரயிலேறிச் சென்னைக்கு வந்தவன், அதை மாற்றுவதற்கு வட்டம் கொடுக்க வேண்டியிருந்தது. நாடு முழுவதும் செல்லும் நோட்டு படிப்படியாகவே வந்தது: 5 ரூபாய் நோட்டு 1903இல் பர்மா நீங்கலாக எங்கும் செல்லுபடியாயிற்று; 10 ரூபாயும் 50 ரூபாயும் 1910இல்; 100 ரூபாய் 1911இல். ஆகவே பழைய நோட்டு ஒன்று கிடைத்தால் அதன் தொகையைப் பார்ப்பதற்கு முன் எந்த ஊரின் பெயர் அதில் அச்சாகியிருக்கிறது என்று பாருங்கள். சென்னை, கோழிக்கோடு, காக்கிநாடா என்று ஊர்ப்பெயர் தாங்கிய நோட்டுகள் இன்று அரியன.

வேறொரு வழக்கமும் இருந்தது. தபாலில் நோட்டு அனுப்புவோர் அதை இரண்டாகக் கத்தரித்து ஒரு பாதியை முதலில் அனுப்புவர். அது சேர்ந்ததென்று கடிதம் வந்தபின் மறுபாதியை அனுப்புவர். வழியில் திருடியவனுக்கு அரை நோட்டால் பயனில்லை அல்லவா? அக்காலத்து நோட்டுகள் பல நடுவில் ஒட்டப்பட்டவையாகக் கிடைப்பதற்கு இதுவே காரணம். அதைக் குறை என்று ஒதுக்கும் சேகரிப்பாளர் உண்டு. எனக்கு அந்த ஒட்டுதான் நோட்டின் வரலாறு.

இனிப் பொன்னுக்கு வருவோம். 1893இல் அரசாங்கம் பொதுமக்களின் வெள்ளியை நாணயமாக அடித்துத் தருவதை நிறுத்தியது. ஒரு ரூபாய்க்கு 1 ஷில்லிங் 4 பென்ஸ் என்பது குறிக்கோளாயிற்று. 1898இல் ஒரு சட்டம் வந்தது. அதைப் 'பொன் நோட்டுச் சட்டம்' என்றே அழைத்தார்கள். லண்டனில் பொன்னைக் கட்டினால், அதை ஈடாகக் கொண்டு இந்தியாவில் நோட்டு வெளியிடலாம் என்றது அச்சட்டம். மறு ஆண்டில் ஸாவரின் காசு 15 ரூபாய் மதிப்பில் இந்நாட்டில் சட்டப்படி செல்லும் நாணயமாயிற்று.

1900ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சென்னை, பம்பாய், கல்கத்தா நாணய அலுவலகங்களில் ஒரு புதுமை நடந்தது. நோட்டை மாற்ற வந்தவர்களிடம், வெள்ளிக்குப் பதிலாகப் பொற்காசை எடுத்து நீட்டினார்கள்! வேண்டாம் என்பவர் வெள்ளி ரூபாயே பெறலாம். நம் சென்னையிலே, காகிதத்தைக் கொடுத்துப் பொன்னைப் பெற்ற காலம் ஒன்று உண்மையாகவே இருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். ஆயினும் முயற்சி வெற்றி பெறவில்லை. 15 ரூபாய்க் காசைக் கொண்டு கத்தரிக்காய் வாங்குவது எப்படி? கொடுத்த காசுகளில் கணிசமான பகுதி விரைவிலேயே கஜானாவுக்குத் திரும்பி வந்தது. எஞ்சியவற்றில் பல பத்தரின் உலைக்குச் சென்றிருக்கும். சவரன் என்ற எடை நம் வீட்டுக்குள் புகுந்தது இவ்வகையான காசுகளின் வழியாகத்தான்.

இந்த ஏற்பாட்டை ஆராய்ந்து ஜான் மேனார்ட் கீன்ஸ் என்ற பொருளியலறிஞர் 1913இல் இந்திய நாணயம் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். உள்நாட்டில் காகிதமும் வெள்ளியும், வெளிநாட்டுக் கணக்குக்கு மட்டும் பொன் என்ற முறை சிறந்தது என்பது அவர் முடிவு. அதை மறுத்தவர் யார் தெரியுமா? டாக்டர் அம்பேத்கர். ரூபாயின் சிக்கலைப் பற்றி 1923இல் அவர் வெளியிட்ட நூலில், இம்முறையில் நாணயம் வெளியிடுவோரின் கையைக் கட்டுப்படுத்தும் கயிறு இல்லை, ஆகவே ரூபாயின் மதிப்புக் குறையும் என்று வாதித்தார். அரசியல் சட்டத்தைப் படிக்கும் மாணவர் இந்த நூலையும் ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நல்லது.

அந்த வாக்குறுதிக்கு நேர்ந்த பெருஞ்சோதனை முதல் உலகப் போரின்போது வந்தது. வெள்ளியின் விலை ஏறியது. ரூபாய்கள் உருக்கப்பட்டன, பதுக்கப்பட்டன. வெள்ளியை மிச்சப்படுத்த 1917இல் ஒரு ரூபாய் நோட்டும், அதையடுத்து 2 ரூபாய் 8 அணா நோட்டும் வந்தன. இரண்டரை ரூபாய்க்கு ஒரு நோட்டா என்று நீங்கள் சிரிக்கலாம். இன்று சேகரிப்பாளர் அதற்குத் தவம் கிடக்கின்றனர். 1918இன் கோடையில் பம்பாயில் மக்கள் நோட்டை மாற்ற நாணய அலுவலகத்தை முற்றுகையிட்டனர். கையிருப்பு வெள்ளி அபாயகரமாகக் கரைந்தது. இல்லை என்று ஒருநாள் சொல்லியிருந்தால், அதன்பின் எவரும் இந்திய நோட்டைத் தொட்டிருக்க மாட்டார்கள்.

அப்போது உதவிக்கு வந்தது அமெரிக்கா. அங்கும் உலோகத்தை ஈடாகக் கொண்ட காகிதங்கள் இருந்தன: வெள்ளிக்கு ஈடாக வெள்ளிச் சான்று நோட்டு, பொன்னுக்கு ஈடாகப் பொற்சான்று நோட்டு. 1918 ஏப்ரலில் நெவாடா மாநிலத்தைச் சேர்ந்த பிட்மன் என்ற செனட் உறுப்பினரின் பெயரால் ஒரு சட்டம் நிறைவேறியது. அதன்படி அமெரிக்கக் கஜானாவிலிருந்த வெள்ளி டாலர்கள் உருக்கப்பட்டன. அவுன்ஸ் ஒரு டாலர் விலையில் ஏறத்தாழ 20 கோடி அவுன்ஸ் வெள்ளி இந்தியாவுக்காக விற்கப்பட்டது. கவனியுங்கள்: அந்த டாலர்களுக்கு ஈடாக அமெரிக்க மக்களிடம் இருந்த வெள்ளிச் சான்று நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டன. இந்தியக் காகிதத்தின் வாக்குறுதியைக் காப்பாற்ற அமெரிக்கக் காகிதம் விலக்கப்பட்டது. எங்கோ ஒரு நாட்டின் பழைய நோட்டு ஏன் அரிதாயிற்று என்று ஆராய்ந்தால் அது நம் வாசலில் வந்து நிற்கிறது.

அமெரிக்கப் பொற்சான்று நோட்டின் கதை இதைவிட விந்தையானது. 1863இல் இயற்றிய சட்டத்தின்படி 1865இல் அது முதன்முதல் வெளிவந்தது. பொதுமக்களிடையே பரவியது 1882ஆம் ஆண்டு வரிசையிலிருந்து. அதன் பின்புறம் பொன்மஞ்சள் நிறம். கொண்டுவருபவருக்குப் பொற்காசாகத் தரப்படும் என்று அதில் எழுதியிருக்கும். அவுன்ஸ் பொன்னின் விலை அப்போது 20 டாலர் 67 சென்ட். ஆகவே 20 டாலர் நோட்டு ஒன்று ஏறக்குறைய ஓர் அவுன்ஸ் பொன்னுக்குச் சமம்.

1933 ஏப்ரல் 5ஆம் நாள் ரூஸ்வெல்ட் ஜனாதிபதி ஓர் ஆணை பிறப்பித்தார். மக்கள் தம்மிடமுள்ள பொற்காசையும், பொற்கட்டியையும், பொற்சான்று நோட்டையும் மே முதல் தேதிக்குள் ஒப்படைக்க வேண்டும். தவறினால் 10,000 டாலர் வரை அபராதம் அல்லது 10 ஆண்டு வரை சிறை. ஒரு தனியாள் பொற்காசும் பொற்சான்று நோட்டும் சேர்த்து 100 டாலர் வரை வைத்துக்கொள்ளலாம். சேகரிப்பாளர் மதிக்கும் அரிய நாணயங்களுக்கும் விலக்கு உண்டு. சேகரிப்பாளருக்கான அந்த விலக்கு நோட்டுக்கு இல்லை. மறு ஆண்டு ஜனவரியில் அவுன்ஸ் பொன்னின் விலையை 35 டாலர் என்று உயர்த்தினார்கள். பொன்னைப் பழைய விலைக்குக் கொடுத்த குடிமகன் கண்ட இலாபம் என்ன என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

இந்த ஆணையால் ஒரு குற்றவாளி அகப்பட்டான். அட்லாண்டிக் கடலைத் தனியே விமானத்தில் கடந்த லிண்ட்பர்க்கின் குழந்தை 1932இல் கடத்தப்பட்டது. மீட்புக்காகக் கொடுத்த 50,000 டாலரில் பெரும்பகுதி பொற்சான்று நோட்டுகள். எண்கள் குறித்து வைக்கப்பட்டிருந்தன. 1934 செப்டம்பரில் பெட்ரோல் நிலையம் ஒன்றில் ஒருவன் 10 டாலர் பொற்சான்று நோட்டை நீட்டினான். விலக்கப்பட்ட நோட்டாயிற்றே என்று ஐயுற்ற ஊழியர், வண்டியின் எண்ணை அந்த நோட்டின் ஓரத்திலேயே எழுதி வைத்தார். அந்த எண் ஹாப்ட்மன் என்பவனின் வீட்டுக்குப் போலீசாரைக் கொண்டு சேர்த்தது. சாதாரண நோட்டாயிருந்தால் ஊழியர் அதைப் பெட்டியில் போட்டுவிட்டு மறந்திருப்பார். பொற்சான்று நோட்டை வீட்டில் வைத்திருக்கும் உரிமை மக்களுக்கு 1964இல்தான் திரும்பக் கிடைத்தது. அப்போதும் அதற்குப் பொன் தரப்படவில்லை, முகமதிப்பு மட்டுமே.

அமெரிக்காவில் சட்டம் செய்ததை நம் நாட்டில் வறுமை செய்தது. 1927ஆம் ஆண்டு நாணயச் சட்டம் தோலா 21 ரூபாய் 3 அணா 10 பை வீதம் பொன்னுக்கு விலை வகுத்தது. நோட்டைக் கொடுத்துப் பொன்னோ, அரசாங்கம் விரும்பினால் அதற்குப் பதில் ஸ்டெர்லிங்கோ பெறலாம் என்றது. ஆனால் குறைந்த அளவு 1,065 தோலா! பெருக்கிப் பாருங்கள், 22,620 ரூபாய் ஆகும். ஏட்டில் பொன்னுக்கு ஈடான நோட்டுதான். ஏழைக்கு அதனால் என்ன? 1931 செப்டம்பரில் இங்கிலாந்து பொன் திட்டத்தைக் கைவிட்டது. ரூபாயும் ஸ்டெர்லிங்கோடு கட்டுண்டது. பொன் விலை ஏறியது. நெல் விலையோ ஏறத்தாழப் பாதியாகிவிட்டிருந்தது. கடனுக்கும் நிலவரிக்கும் பணமின்றிக் குடியானவர்கள் நகையை விற்றனர். அது கப்பலேறி லண்டனுக்குப் போயிற்று. விலையைக் கண்டு ஆசையால் விற்றவரும் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆயினும் நெருக்கடியால் விற்றவரே மிகுதி என்பது என் துணிபு. ஆரணியாற்றங்கரை வீடுகளில் அந்த ஆண்டுகளைத் 'தாலிக்கொடி போன காலம்' என்று என் பாட்டியார் குறிப்பிடுவார்.

1935 ஏப்ரல் முதல் நாள் ரிசர்வ் பாங்கு தோன்றியது. அதன் முதல் நோட்டுகள் 1938இல் வந்தன. நோட்டுகளுக்கு ஈடாகப் பொன்னும் வெளிநாட்டுப் பத்திரமும் ஐந்தில் இரண்டு பங்கு இருக்க வேண்டும். பொன் மட்டும் 40 கோடி ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று விதித்தார்கள். ரூபாய்க்கு 8.47512 குன்றிமணி அன்று, 'கிரெய்ன்' பொன் என்பது கணக்கு. 1956இல் இதை 2.88 கிரெய்னாக மாற்றி எழுதினார்கள். கஜானாவில் ஒரு குண்டுமணிப் பொன்னும் கூடவில்லை. ஆனால் ஏட்டில் 40 கோடி, 117 கோடிக்கு மேலாயிற்று! விகித முறையும் அப்போது நீங்கியது. 1957 முதல் குறைந்தது 115 கோடி ரூபாய்ப் பொன்னையும் சேர்த்து 200 கோடி ரூபாய் ஈடு இருந்தால் போதும் என்றாயிற்று. உலகம் முழுவதற்கும் கடைசி இழை 1971 ஆகஸ்டு 15இல் அறுந்தது. அன்றுதான் டாலருக்குப் பொன் தருவதை நிக்ஸன் நிறுத்தினார். பொன்னின் பயன் அதனோடு தீர்ந்துவிடவில்லை. 1991இல் வெளிநாட்டுச் செலாவணி வற்றியபோது, இந்தியா ஏறத்தாழ 47 டன் பொன்னை வெளிநாட்டு மத்திய பாங்குகளில் ஈடு வைத்துத்தான் மானத்தைக் காத்துக்கொண்டது.

இன்றைய நோட்டிலும் அந்தப் பழைய வாக்குறுதி அச்சாகிறது. 100 ரூபாய் நோட்டைக் கொண்டுபோய் ரிசர்வ் பாங்கில் நீட்டினால், வேறு நோட்டும் நாணயமும்தான் கிடைக்கும். மத்திய அரசாங்கம் வெளியிடும் ஒரு ரூபாய் நோட்டில் அந்த வாக்குறுதியும் இல்லை. அது சட்டப்படி நாணயத்துக்குச் சமமானது. கையொப்பமும் கவர்னருடையதன்று, நிதித்துறைச் செயலாளருடையது.

சேகரிப்பைப் பற்றிச் சில சொற்கள். கும்மிடிப்பூண்டிச் சிப்காட்டில் இரும்புருட்டு ஆலை ஒன்றில் வேலை செய்யும் என் பழைய மாணவர் ஒருவர் ஒருநாள் பொன்னிறமாகப் பளபளக்கும் 100 டாலர் நோட்டு ஒன்றைக் கொணர்ந்தார். "ஐயா, இதுதானே அந்தப் பொன் நோட்டு?" என்றார். அது பிளாஸ்டிக்கின்மேல் பொன்னிறம் பூசிய விளையாட்டுப் பொருள். உண்மையான பொற்சான்று நோட்டில் ஒரு மஞ்சாடிப் பொன்னும் கிடையாது. அது வெறும் காகிதம். அதன் பொன் கஜானாவில் இருந்தது.

அவரோடு வேலை செய்த மற்றொருவருக்கு நேர்ந்தது விளையாட்டன்று. டிராக்டர் படம் போட்ட பழைய 5 ரூபாய் நோட்டைப் பல லட்சத்துக்கு வாங்கிக்கொள்வதாகத் தொலைபேசியில் ஒருவன் ஆசை காட்டினான். பதிவுக் கட்டணம் என்றும், வரி என்றும், ரிசர்வ் பாங்கின் அனுமதி என்றும் மும்முறை பணம் பறித்தான். போனது மூன்று மாதச் சம்பளம். அவருடைய மகளின் கல்லூரிக் கட்டணமாக எடுத்து வைத்திருந்த தொகை. டிராக்டர் நோட்டுகள் கோடிக்கணக்கில் அச்சானவை. அவற்றில் அருமை எங்கிருந்து வரும்? பழைய நோட்டு வாங்க விற்கத் தன் பெயரால் கட்டணம் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் பாங்கு 2021இல் வெளிப்படையாகவே எச்சரித்திருக்கிறது. முன்பணம் கேட்பவன் நோட்டு வாங்க வந்தவனல்லன்.

சட்டத்தையும் அறிந்திருங்கள். பெருந்தொகை நோட்டுகள் நம் நாட்டில் 1946 ஜனவரியிலும் 1978 ஜனவரியிலும் செல்லாதவையாக்கப்பட்டன. 2016 நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாமற் போயின. இந்தக் கடைசி வகையைப் பொறுத்தவரை 2017ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. அதன்படி ஒருவர் 10 நோட்டுகளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. படிப்பு, ஆராய்ச்சி, நாணயவியல் ஆகியவற்றுக்காயின் 25 வரை வைத்துக்கொள்ளலாம்.

பழைய நோட்டு கிடைத்தால் அதைக் கழுவாதீர்கள், இஸ்திரி போடாதீர்கள், பசைநாடா ஒட்டாதீர்கள். பிளாஸ்டிக் உறையில் சூடாக்கி ஒட்டிவிட்டால் அது கெட்டது கெட்டதுதான். எண்ணையும் கையொப்பத்தையும் ஊர்ப்பெயரையும் தனி ஏட்டில் பென்சிலால் குறித்து வையுங்கள். யார் கையிலிருந்து, எந்த வீட்டுப் பெட்டியிலிருந்து வந்தது என்பதையும் எழுதுங்கள். என் மாணவர்களில் சிலர் கும்மிடிப்பூண்டி முகாமில் வளர்ந்த இலங்கைத் தமிழ்ப் பிள்ளைகள். அவர்களுள் ஒருத்தி தன் தகப்பனார் கடல் கடந்து வந்தபோது மடியில் இருந்த பத்து ரூபாய் இலங்கை நோட்டு ஒன்றை வைத்திருந்தாள். சிங்களமும் தமிழும் ஆங்கிலமும் அதில் இருந்தன. அதற்குச் சந்தையில் என்ன விலை என்று வகுப்பில் ஒருவன் கேட்டான். அவள் விற்பதாக இல்லை என்றாள்.